தொப்பை போட்ட பொட்டலம்

"மூணு மணிக்கு இந்த இடத்தைக் கழுவிவிட ஆள் வருது. அதுக்குள்ள பார்க்கிறதைப் பார்த்துட்டுக் கிளம்பிடுங்க" என்று சொல்லி, அச்சகத்தின் மேனேஜர் கேன்டீன் சாவியை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"கையிலயே குடுக்கலாம் சார், கடிச்சிட மாட்டோம்" என்றான் தந்தி.

மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவைப் பார்த்தார். "சமையல்காரரே ஒத்துக்கிட்டார். கேஸ் முடிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன துப்பு, தும்பு?"

"முடிஞ்ச கேஸ்னா எங்களால ஒண்ணும் கெட்டுப்போகாதே" என்றார் வக்கீலம்மா. மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

தந்தி கைபேசியை எடுத்து மணி பார்த்தான். இரண்டு ஐந்து. ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லை.

தந்தியின் சொந்தப் பெயர் அவனுக்கே மறந்துபோய்விட்டது. பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடம் மைக் பிடித்து, எந்த வண்டி எப்போது கிளம்பும், எது தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் பதிவு செய்த பெண்குரல் ஒன்று வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஊருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் வக்கீலம்மாவிடம் சொல்லித் தீர்க்கிறான். நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்தை நாற்பதாக இழுப்பவனுக்குத் தந்தி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவர் வக்கீல் வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. உண்மை ஒரு பக்கமும் தீர்ப்பு ஒரு பக்கமுமாகப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, உண்மையை மட்டும் தேடினால் போதும் என்று வெளியே வந்து, துப்பறியும் ஆபீஸ் வைத்துவிட்டார். பெயர் மட்டும் வெளியே வரவில்லை.

விஷயம் இதுதான். போன வாரம் வியாழக்கிழமை இந்த அச்சகத்தில் ஒருவருக்கு ஓய்வுபெறும் விருந்து. கேன்டீன் சமையல்காரர் பின்கட்டில் செங்கல் அடுப்பு மூட்டி, பன்னிரண்டு கோழிகளைப் புகையில் வாட்டிப் போட்டார். தின்று தீர்த்தது எட்டு. மிச்சம் நாலு கோழியின் கறி பிரீசருக்குள் போனது. இந்தப் புதன்கிழமை அதை எடுத்துச் சூடுபண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பதினாலு பேர் வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். பதிமூன்று பேர் வீடு திரும்பிவிட்டார்கள். பதினாலாவது ஆள், அச்சகத்தின் வாட்ச்மேன், வயதானவர், தீவிர சிகிச்சையில் கண் திறக்காமல் கிடக்கிறார். நேற்று வியாழக்கிழமை காலையில் சமையல்காரரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். சாயங்காலம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வக்கீலம்மாவைத் தேடி வந்தவள் சமையல்காரரின் மனைவி. அந்த வாட்ச்மேனின் மகளும் அவள்தான். ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் போலீஸ் ஸ்டேஷன். எந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் இருந்த வக்கீலம்மாவின் ஆபீசில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் பொய் சொல்றாரும்மா" என்றாள். "சூடா இருக்கும்போதே மொத்தமாக் கட்டி உள்ளே போட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காராம். அப்படிச் செய்யற ஆளா அவர்? மிச்சம் விழுந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள எலும்பை நீக்கிடுவார். தட்டுல பரத்தி ஆறவைப்பார். ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு பையில. உள்ளே காத்து இல்லாம அழுத்தி, அட்டை மாதிரி மெலிசா ஆக்கி, தேதி எழுதிப் படுக்கவைப்பார். நல்லா உறைஞ்சதும் மறுநாள் புஸ்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குவார். தடியா வச்சா நடுவுல சூடு நிக்கும், நடு உறையறதுக்குள்ள கெட்டுடும்னு என்னையே எத்தனை தரம் திட்டியிருக்கார்!"

காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சமையல்காரரையும் பார்த்தார்கள். புதன்கிழமை பல் பிடுங்கிக்கொண்ட கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில். "சூடு ஆறல. மொத்தமாக் கட்டிப் போட்டுட்டேன். தப்பு என்னுது." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது. பேசின நேரம் முழுக்க அவர் விரல் சட்டையின் இரண்டாவது பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா பட்டன் கையோட வந்திருக்கும் மேடம்" என்று வெளியே வந்ததும் தந்தி சொன்னான். "அது ஒண்ணுதான் புது வெள்ளை நூல்ல தைச்சிருக்கு. மத்ததெல்லாம் பழைய நீல நூல். சட்டை தைக்கத் தெரியாத வீடு."

தந்தி அதை அங்கேயே மறந்துவிட்டான்.

கேன்டீனைத் திறந்தார்கள். நீளமான மேஜைகள், கவிழ்த்துவைத்த தட்டுகள், சமையற்கட்டின் மூலையில் பெட்டி போன்ற பெரிய பிரீசர். மனைவியை உள்ளே விடக்கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அவள் வெளியே, காகிதக் கட்டுகள் இறக்கும் முற்றத்தில் காத்திருந்தாள்.

தந்தி மூடியைத் தூக்கினான். பாதிகூட நிரம்பாத பெட்டி. ஒரு மூட்டைப் பட்டாணி, இரண்டு ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய். அடியில் கண்ணாடி போல ஐஸ் படிந்திருந்தது. அந்த ஐஸில் கால் புதைந்து, சுவரோடு சாய்ந்து நின்றது ஒற்றைப் பொட்டலம்.

"சுகாதாரத்துறை ஆட்கள் எடுத்துட்டுப் போனதா சொன்னாங்களே?"

"இது ஐஸ்ல பிடிச்சுக்கிட்டு வரலை போல. வந்ததை மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார் வக்கீலம்மா. "தோசைத் திருப்பி மாதிரி ஏதாவது தட்டையா இருக்கா பார்."

தந்தி கரண்டிகளுக்குள் ஒரு தட்டைக் கரண்டியைத் தேடி எடுத்து, மூச்சுப் பிடித்து நெம்பினான். பொட்டலம் சடக்கென்று கையில் வந்தது. மேலே சமையல்காரரின் கையெழுத்து, விருந்து நடந்த வியாழக்கிழமைத் தேதி, 'எலும்பு இல்லை' என்று ஒரு குறிப்பு.

"முதல் பொய் அவுட்" என்றான் தந்தி. "மொத்தமாக் கட்டிப் போட்டாராம். இது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனா மேடம், இதென்ன இது, மேலே ஒல்லியா, கீழே தொப்பையா? என்னை மாதிரியே இருக்கு."

வக்கீலம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேல் பாதியில் வெறும் பை சுருங்கிக் கிடந்தது. கறி எல்லாம் கீழே சரிந்து உப்பி, அதற்கும் கீழே பழுப்புச் சாறு ஒரு கட்டியாக உறைந்திருந்தது.

"படுக்கவைச்சு உறையவைச்சா எப்படி இருக்கணும்?"

"அட்டை மாதிரி."

"உறைஞ்ச பிறகு நிமிர்த்தி வச்ச அட்டைக்குத் தொப்பை எப்போ வரும்?"

தந்தி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "இளகினா! நின்ன வாக்கிலேயே இளகி, எல்லாம் கீழே இறங்கி, மறுபடி உறைஞ்சிருக்கு!"

"அதேதான். அவர் நல்லா உறையவைச்சு நிமிர்த்தி அடுக்கின பிறகு, இந்தப் பெட்டி ஒருதரம் செத்துப் பிழைச்சிருக்கு. அடியில இருக்கிற ஐஸ் பார். சுவர்ல இருந்த பனியெல்லாம் உருகி இறங்கி, திரும்பக் கட்டியாயிருக்கு. கறி அதுக்குள்ள கெட்டிருக்கும். அப்புறம் எவ்வளவு கொதிக்கவைச்சாலும் அதுல ஊறின விஷம் போகாது."

தந்திக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது. குனிந்து பெட்டிக்குள் தலையை விட்டவன் அப்படியே நின்றான். ஐஸ் பரப்பில், பொட்டலம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு குழி. ஒரு கிளாஸின் அடிப்பாகம் அளவு, வெட்டி எடுத்தது போலச் சுத்தமான வட்டம்.

"தண்ணி உறையும்போது இங்கே ஒரு கிளாஸ் இருந்திருக்கு மேடம். அப்புறமா யாரோ பிடுங்கி எடுத்திருக்காங்க."

பிரீசரின் பக்கவாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்கியது. வக்கீலம்மா கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் ஒரே வரி. 'கிளாஸ் மேலே.' 'கிளாஸ் மேலே.' கடைசி வரி போன சனிக்கிழமை மத்தியானம். திங்களும் செவ்வாயும் ஒன்றுமில்லை. புதனும் இல்லை.

"பல் வலி" என்றார் வக்கீலம்மா மெதுவாக. "திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் வலியில துடிச்சார்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்லையா? அதுல விட்டுப்போயிருக்கு."

"சரி, மேலேன்னா எதுக்கு மேலே? கிளாஸ் கீழேதானே இருந்திருக்கு?"

"கிளாஸ் இல்லை. கிளாஸுக்குள்ள எதுவோ. கிளாஸ்ல தண்ணி ஊத்தி உறையவைச்சு, ஐஸ் மேலே சின்னதா ஒரு பொருளை வச்சிருக்கார். தினம் பார்க்கிறார். மேலேயே இருந்தா பெட்டி நல்லா இருக்கு. அடியில போயிருந்தா..."

"நடுவுல ஐஸ் உருகியிருக்கு! அடேயப்பா, கிளாஸையே வாட்ச்மேன் ஆக்கிட்டாரே மனுஷன்!" தந்தி தொடையில் தட்டினான். "அப்போ அந்தக் கிளாஸ்தான் சாட்சி. சாட்சியை யாரோ தூக்கிட்டாங்க. யார்னு நான் சொல்லட்டுமா? கழுவிவிட ஆள் வருதுன்னு இவ்வளவு அவசரப்படறது யார்?"

"முதல்ல எப்போ நின்னுதுன்னு சொல்லு."

தந்தி மணி பார்க்கத் தலையைத் தூக்கினான். சமையற்கட்டின் சுவரில், எட்டாத உயரத்தில், மின்சாரத்தில் ஓடும் பழைய வட்டக் கடிகாரம். புகை படிந்த கண்ணாடிக்குள் முள் நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்து. கைபேசியில் இரண்டு இருபத்தைந்து.

"இதோ எழுதியே வச்சிருக்கு! ரெண்டு மணி நேரம் கரண்ட் போயிருக்கு. எல்லாரும் கைபேசியைப் பார்க்கிற காலம், இதை யார் ஏறெடுத்துப் பார்க்கிறது."

"ரெண்டு மணி நேரத்துல தொப்பை வராது தந்தி. மூடியைத் திறக்காம இருந்தா, பாதி நிரம்பின பெட்டிகூட ஒரு நாள் தாங்கும்."

"அப்போ?"

"கடிகாரத்துல எத்தனை மணி இருக்கு?"

"பன்னிரண்டு."

"ஒரு முழுச் சுத்து நின்னிருந்தா அதுல தெரியுமா?"

தந்தி விரல்களை மடக்கினான். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் முள் சரியாகவே காட்டும். இருபத்துநாலு நின்றாலும் அப்படியே. மேலே மிச்சம் இருக்கும் இரண்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பதினாலு மணி நேரமாக இருக்கலாம், இருபத்தாறாக இருக்கலாம்.

"முப்பத்தெட்டு" என்றார் வக்கீலம்மா. "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சகம் மூடறாங்க. திங்கள் காலை எட்டு மணிக்குத் திறக்கறாங்க. எண்ணிப் பார்."

எண்ணிப் பார்த்தான். முப்பத்தாறும் இரண்டும் முப்பத்தெட்டு.

அதற்குப் பிறகு வக்கீலம்மா செய்ததைத் தந்தி ரசித்துப் பார்த்தான். பொட்டலத்தைத் தட்டில் வைத்து மேனேஜரைக் கூப்பிட்டார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நீங்க சொன்னது சரிதான் சார், இங்கே பார்க்க ஒண்ணும் இல்லை. இந்த ஒரு பொட்டலம்தான் மிச்சம். உங்க ஆட்கள் கையில பட வேண்டாம், நாங்களே எடுத்துட்டுப் போறோம். நாளைக்கு எதையோ தூக்கிட்டுப் போயிட்டோம்னு பேச்சு வரக்கூடாது, பாருங்க. ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. உறைஞ்ச நிலையில ஒரு பொட்டலம், எத்தனை மணிக்கு, எங்கேயிருந்துன்னு."

குப்பை தொலைந்தது என்று மேனேஜர் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் தட்டோடு நிற்பதைத் தந்தி ஒரு படம் எடுத்தான். பின்னால் கடிகாரம் தெளிவாக விழுந்தது.

"அந்தக் கடிகாரம் ஏன் சார் பின்தங்கி ஓடுது?" என்று வக்கீலம்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"அதுவா? போன சனி, ஞாயிறு லைன்ல வேலை நடந்தது. மெயினை அணைச்சிருந்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். முகத்தில் இருந்த அலட்சியம் இறங்கிக் கழுத்துக்குக் கீழே போனது.

"யார் அணைச்சது?"

"வாட்ச்மேன்தான் அணைப்பார்."

"சமையற்கட்டு லைனுக்குத் தனி சுவிட்ச் இல்லையா? அதையும் சேர்த்து அணைக்கச் சொன்னது யார்?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அவரா அணைச்சிருப்பார். வயசான மனுஷன்." மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். "போன்ல ஆயிரம் பேசறோம். எழுத்துல இருக்கா? சுற்றறிக்கை இருக்கா? இருந்தா காட்டுங்க."

போன் என்று யாரும் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டது சமையல்காரரின் மனைவியிடம் சம்பளம் வாங்கும் ஒரு துப்பறிவாளரும் அவருடைய உதவியாளும் மட்டும். அந்தப் போனின் மறுமுனையில் இருந்த ஆள் மூக்கில் குழாயோடு கிடக்கிறார். வக்கீலம்மாவின் தாடை இறுகுவதைத் தந்தி பார்த்தான். கோர்ட்டை விட்டு வந்த காரணத்தை மறுபடி நேரில் பார்ப்பவர் போல நின்றார்.

"அந்தக் கிளாஸையும் நீங்கதானே எடுத்தீங்க?" தந்தி பொறுக்கமாட்டாமல் குதித்தான்.

"எந்தக் கிளாஸ்?" மேனேஜரின் முகத்தில் நிஜமான குழப்பம் இருந்தது. நடிக்கத் தெரிந்தவராக இருந்தால் கடிகாரத்திலேயே நடித்திருப்பார். அப்படியானால் கிளாஸை எடுத்தது யார்?

ரொட்டி வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸை நிரப்பி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை வைத்து மூடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். அவள் எழுந்து ஓடி வந்தாள்.

"ஏதாவது கிடைச்சுதாம்மா?"

"உன் புருஷன் சரியாத்தான் கட்டி வச்சிருக்கார்" என்றார் வக்கீலம்மா. அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

தந்தி பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு, ஏதோ விட்டுப்போனதைக் கேட்பது போலக் கேட்டான். "ஏம்மா தங்கச்சி, அந்தப் பிரீசருக்குள்ள ஒரு கிளாஸ் இருந்துதே, பார்த்திருக்கியா?"

"அதுவா? நான்தான் எடுத்தேன்."

தந்தி வக்கீலம்மாவைப் பார்த்தான்.

"புதன்கிழமை அவர் பல் பிடுங்கப் போயிட்டாரே, அவருக்குப் பதிலா நான்தான் கேன்டீனுக்கு வந்து பொட்டலம் எடுத்தேன்" என்றாள் அவள். அழுகைக்கு நடுவிலேயே முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம். "அப்போ பார்த்தேன். கிளாஸ் முழுக்க ஐஸ், அடியில அவரோட சட்டைப் பட்டன்! நாலு மாசமா அந்தப் பட்டனைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டிருக்கேண்ணே. பிடிச்ச சட்டை, ஊக்கு குத்திக்கிட்டே திரிஞ்சார். ஏதோ விளையாட்டா போட்டு வச்சிருக்கார்னு நினைச்சேன். வெந்நீர்ல வச்சு எடுத்து, அன்னிக்கே தைச்சிட்டேன். நேத்து மத்தியானம் ஸ்டேஷனுக்கு மாத்துத்துணியா அந்தச் சட்டையைத்தான் கொண்டுபோனேன். போட்டுக்கிட்டு, பட்டனைத் தொட்டுப் பார்த்தார். எங்கேயிருந்து கிடைச்சுதுன்னு கேட்டார். சொன்னேன். 'ஐஸ் மேலே இருந்துதா, அடியில இருந்துதா?'ன்னார். அடியிலன்னேன். அவ்வளவுதான், அப்புறம் பேசவே இல்லை. பல் வலி போலன்னு வந்துட்டேன்."

நேற்று மத்தியானம் சட்டை. நேற்றுச் சாயங்காலம் ஒப்புதல்.

அந்த மனுஷன் எல்லாவற்றையும் சட்டையைப் போட்ட நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். தான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும், மனைவி கையில் எச்சரிக்கையே வந்தும் அவளுக்கு அது பட்டனாக மட்டும் தெரிந்ததும், எல்லாம் புரிந்துதான் அந்தப் பொய்யை மனப்பாடம் செய்திருக்கிறார். கிளாஸை எடுத்தவள் யார், பார்த்தவள் யார் என்று ஒருவரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக.

ஏதாவது சொல்ல வேண்டும். பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும், ஒரு ஜோக் அடிக்க வேண்டும். பதினெட்டு வருடம் மைக் பிடித்தவனுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை.

அவள் அவனையே பார்த்தாள். காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஆள்.

"அண்ணே, நீங்க ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

தந்தி பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அந்தப் பட்டன் எதுக்கு அங்கே இருந்துது?" அவள் குரல் இறங்கியது. "அடியில இருந்தா என்ன அர்த்தம்? அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

வக்கீலம்மா சொன்னார். பூசி மெழுகவில்லை. பிரீசர் நின்றது, ஐஸ் உருகியது, பட்டன் மூழ்கியது, கறி கெட்டது. "அது உனக்குத் தெரிய நியாயமே இல்லை. அவர் உன்கிட்ட சொல்லியிருக்கணும். அதை நிறுத்தச் சொன்ன ஆள் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

அவள் அழவில்லை. காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா ரெண்டாவது தரம் கேட்டார்" என்றாள். "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் வைன்னார். நான்தான் வச்சேன்."

உள்ளே கழுவிவிடும் ஆட்கள் வந்துவிட்டார்கள். வாளி இழுபடும் சத்தமும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் கேட்டன.

"நான் போய்ச் சொல்லிடறேம்மா. அவரை விட்டுடட்டும்."

"சொன்னா அவரை விட்டுட்டு உன்னைப் பிடிப்பாங்க" என்றார் வக்கீலம்மா. "இல்லைன்னா உன்னைக் காப்பாத்த அவர் இன்னொரு பொய் சொல்வார். மெயினை அணைக்கச் சொன்ன ஆள் கைக்குட்டையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவார். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்கப்பா. அவர் கண்ணைத் திறந்து வாயைத் திறக்கணும். அதுவரைக்கும் இந்தப் பொட்டலம் இப்படியே, இந்தத் தொப்பையோடவே இருக்கணும். இளகிட்டா இது வெறும் கெட்டுப்போன கறி."

"அப்பா கண் திறக்கலைன்னா?"

வக்கீலம்மா தெர்மாகோல் பெட்டியின் மூடியை இன்னொரு தரம் அழுத்தி மூடினார்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரே அறை. மூலையில் ஒரு குட்டி பிரிட்ஜ், அதன் தலையில் பிரீசர். தந்தி உள்ளே இருந்த ஐஸ் தட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டு இடம் செய்தான். அவள் பொட்டலத்தைத் தானே வாங்கி, இன்னொரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்றைய தேதியை எழுதினாள். அவள் புருஷனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. நிமிர்ந்து நின்ற வாக்கிலேயே உள்ளே வைத்தாள். சுவிட்சின்மேல் தந்தி நாலு சுற்று டேப் ஒட்டினான்.

பிறகு ஒரு கிளாஸ் கேட்டாள். தண்ணீர் பிடித்துப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் உடையைத் தடவிப் பார்த்தாள். அதில் பட்டன் எதுவும் இல்லை.

தந்தி தன் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"இப்போ போடக்கூடாதுண்ணே" என்றாள். "தண்ணி முதல்ல உறையணும். அப்புறம்தான் மேலே வைக்கணும்."

பிரிட்ஜுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டன் அவள் மூடிய கைக்குள் இருந்தது. வக்கீலம்மா போனை மேஜையின் நடுவில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகல் கொஞ்சம் நின்றாலும் மூன்று பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.

"அண்ணே, ஏதாவது பேசிக்கிட்டே இருங்களேன்" என்றாள் அவள், பிரிட்ஜிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இருந்தா அப்பா சாப்பிட்டதே ஞாபகம் வருது."

தந்தி யோசித்துப் பார்த்தான். ஒரு ஜோக்கும் வரவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில், மெதுவாக ஆரம்பித்தான்.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. ஐந்து பத்துக்கு வர வேண்டிய வண்டி தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. எப்போது வரும் என்ற விவரம் இன்னும் கிடைக்கவில்லை. பயணிகள் யாரும் எழுந்து போக வேண்டாம்."